கேட்டுக்கொண்டிருந்தவன்

மாமா மெல்லுற சத்தம் கேக்குது. புளிச்சோறுதானே, அதுல மெல்லுறதுக்கு என்ன இருக்கு, ஆனா மனுசன் மெல்லுறாரு, ஒவ்வொரு கடலைப்பருப்பையும் விசாரிச்சு விசாரிச்சு மெல்லுறாரு, தாடை ஏறி இறங்குது. காலையில அவசரத்துல நான் உப்பு போட மறந்துட்டேன், அதைக்கூடச் சொல்லாம சாப்பிடுறாரு, அதுக்கும் எனக்கு ஆத்திரமா வருது. ஒரு வார்த்தை திட்டித் தொலைச்சா என்ன. திட்டினா நானும் திருப்பிச் சொல்லலாம்ல. கோர்ட்டு வளாகத்துல வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சு, பக்கத்துல என் மாமனார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தவசியப்பன், மடியில டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸுக்கும் தொடைக்கும் நடுவுல செல்போன். சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும் நம்ம கேஸுதான் முதல்ல, எங்கேயும் போயிடாதீங்கன்னு வக்கீல் ஷாஜகான் சார் சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்க போறது. என் புருசன் உள்ள கெடக்கான், இவர் பெத்த ஒரே பிள்ளை, இளவழுதி. மனசுக்குள்ள அவன் இவன்தான் எனக்கு, வெளியில பேசுறப்பதான் அவரு. இன்னைக்கு ஜாமீன் கிடைச்சா வீட்டுக்கு வருவான். கிடைக்கலேன்னா அந்தச் சிரங்கைச் சொறிஞ்சுக்கிட்டு ஜெயில்லயே கெடப்பான். முதல்ல முழங்கையில இருந்தது, இப்பக் கழுத்துக்கு வந்துருச்சு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு "ஒண்ணுமில்ல வாசுகி, வேர்க்குரு"ங்கிறான். வேர்க்குருவாம். எனக்குத் தெரியாதா.

அவன் செஞ்சது என்னன்னு யாராவது கேட்டா எனக்குச் சிரிப்புத்தான் வருது. பேசினான். அவ்வளவுதான். எங்க ஊருக்கு வெளிய குப்பையை எரிக்கிற ஆலை வருதுன்னு போராட்டம் நடந்துச்சு, நாலைஞ்சு பேரா வாட்சப்புல ஒரு சின்னக் குழு வச்சிருந்தாங்க, அதுல ஒருநாள் கோவத்துல குரலைப் பதிஞ்சு போட்டான், "நாளைக்கு லாரி உள்ள வந்துச்சுன்னா முழுசாத் திரும்பிப் போகாது"ன்னு. மறுநாள் எவனோ லாரியைக் கொளுத்திட்டான். அன்னைக்கு முழுக்க இவன் காய்ச்சல்ல போர்வையைச் சுத்திக்கிட்டு எங்கிட்ட ரசம் கேட்டுக்கிட்டுக் கெடந்தான். போலீசு வந்து எங்க ஹால்ல நின்னுக்கிட்டு அவங்க போன்ல அவன் குரலையே போட்டுக் காட்டினாங்க. இது உங்க குரல்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னான், மடையன். அந்தக் குழுவுல இருந்தவங்க எல்லாம் உசுருக்கு உசுரான சிநேகிதங்க, அவங்களோட இவரு, இந்த மாமா, என்னைச் சேர்க்கலையேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வேளை சாப்பிடாம இருந்ததால சேர்த்துக்கிட்ட இவரு. அப்ப குரல் எப்படி வெளிய போச்சு? கவர்மெண்டு ஒட்டுக்கேக்குதுன்னு எல்லாருமா முடிவு பண்ணினோம். வேற என்னத்த நினைக்கிறது. மந்திரி டிவியில வந்து, குடிமக்களோட எந்தச் செய்தியையும் அரசு படிப்பதில்லை, கேட்பதில்லைன்னு சொன்னாரு, சொன்ன அன்னைக்கு எங்க தெருவே சிரிச்சுது. பால்காரர்கூட "இல்லேங்கிறாங்களா, அப்ப இருக்கு"ன்னுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் சிநேகிதங்க வீட்டுக்கு வந்தா போனையெல்லாம் வாங்கி அரிசி டப்பாவுக்குள்ள புதைப்பேன், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு குசுகுசுன்னு பேசுவாங்க, தொட்டித் தண்ணி முழுக்கக் காலியாகும், மாடிவீட்டம்மா வந்து சண்டை போடும், சண்டை போடுற அந்தம்மாகிட்டயும் நான் சைகையிலதான் பதில் சொன்னேன்.

எனக்குன்னு ஒருத்தன் இருந்தான். அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கயோ டெல்லியில, ஏசி ரூம்புல, காதுல கருப்பா மாட்டிக்கிட்டு என் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவன். தமிழ் படிச்சவன், நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும், இல்லேன்னா எங்க பேச்சு எப்படிப் புரியும். முதல்ல அவனை நினைச்சாலே உடம்பு கூசும். ஸ்கேன் சென்டர்ல டோக்கன் கொடுத்துக்கிட்டே நான் என் புருசனுக்கு அனுப்பினதெல்லாம் ஞாபகம் வரும், தைலம் வாங்கிட்டு வா, உங்கப்பா இன்னைக்கும் கக்கூஸ்ல தண்ணி ஊத்தல, அப்புறம் சிலது, ஐயோ, கல்யாணமான பொம்பளை புருசனுக்கு அனுப்புறது, அதையெல்லாம் ஒருத்தன் டீ குடிச்சுக்கிட்டே படிச்சிருப்பான், பக்கத்துச் சீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான். அன்னையிலேருந்து நான் குளிக்கிறப்பவும் சேலையை முழுசா அவுத்ததில்ல. போன் ஹால்லதான் கெடக்கும், இருந்தாலும். என் தங்கச்சி ஊர்லேருந்து போன் பண்ணி, கர்ப்பமா இருக்கேன்னு சொன்னா, சந்தோசமாக் கத்தக்கூட முடியல, சரி சரி வையின்னு வச்சுட்டேன், இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு வருத்தம். அப்புறம் ஒரு கட்டத்துல கூச்சம் போயி வெறி வந்துச்சு. யார் கூடப் பேசினாலும் நடுவுல நிறுத்தி, "கேக்குறியாடா, கேட்டுக்கோ, நீ வெளங்க மாட்ட, உன் குடும்பம் வெளங்காது"ன்னு திட்டுவேன். தங்கச்சி பயந்துபோயிருவா. பிறகு பிறகு, என்ன வெக்கக்கேடு, திட்டுறதுக்காவது ஒருத்தன் இருக்கானேன்னு ஆகிப்போச்சு. தனியா அடுப்படியில நிக்கிறப்ப, உப்பு டப்பாகிட்ட போனைச் சாத்தி வச்சுட்டு, "இன்னைக்கு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தேன்டா, கழுத்துல வந்துருச்சுடா அவனுக்கு"ன்னு அந்தப் பாவிகிட்டதான் அழுதேன். வேற யார்கிட்ட அழ. இவரா? இவருக்கு எங்க நேரம்.

இவரு ஊருக்குப் பெரிய மனுசன் ஆயிட்டாருல்ல. மகன் உள்ள போனதும் மைக்கு வெளிய வந்துருச்சு. ஒட்டுக்கேக்குற அரசேன்னு டிவிக்காரங்ககிட்ட அடுக்குமொழியில முழங்கினாரு, அந்த வீடியோவை ஊர்ல பாக்காத ஆளு இல்ல, தலைக்கு மை அடிச்சுக்கிட்டாரு, ஆமா, மகன் ஜெயில்ல இருக்கிறப்ப தலைக்கு மை. ஒரு விஷயம் காதுல விழுந்தா அடுத்த நிமிஷம் அதை அனுப்பியாகணும் அவருக்கு, இல்லேன்னா வயிறு உப்பிரும். விடிஞ்சதும் தாமரைப்பூ, அப்புறம் சுகருக்கு வெண்டைக்காய்த் தண்ணி, அப்புறம் எச்சரிக்கை எச்சரிக்கை நம் செய்திகள் அனைத்தும் கண்காணிக்கப்படுகின்றன, இதை எல்லாக் குழுவுக்கும் பகிரவும். இதோ இப்பவும், சோத்துக்கையை டிபன் பாக்ஸுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இடது கட்டைவிரலால எதையோ தள்ளிவிட்டுக்கிட்டு இருக்காரு. காலையில கோர்ட்டுக்குள்ள நடந்ததைத்தான் அனுப்புறாரு போல. காலையில அரசு வக்கீல் எந்திரிச்சு, "மைலேடி, நாங்க யார் போனையும் ஒட்டுக்கேக்கல. இந்த ஆடியோ ஒரு உறவினர் மூலமா எங்களுக்கு வந்தது"ன்னாரு. பின்னாடி பத்திரிகைக்காரங்க பக்கம் ஒரே கனைப்பு. ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு, எந்த உறவினர்னு கேட்டாங்க. அதைச் சொல்ல முடியாது, அவரோட பாதுகாப்புன்னு இழுத்தாரு. "சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க. சொல்லலேன்னா நீங்க சட்டத்துக்குப் புறம்பா ஒட்டுக்கேட்டதாத்தான் நான் எடுத்துக்குவேன், அப்படி எடுத்த ஆடியோவை நான் பாக்கவே மாட்டேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க. அந்த ஆடியோவை விட்டா கேஸுல ஒண்ணுமே கெடையாது. வெளிய வந்து ஷாஜகான் சார் கையைத் தேய்ச்சுக்கிட்டே, "அவங்களால பேரு சொல்ல முடியாதும்மா, அப்படி ஒரு ஆளே இல்லையே, இருந்தாத்தானே சொல்லுறதுக்கு. சாயங்காலம் ஸ்வீட் வாங்கி வைங்க"ன்னாரு. எனக்கு அப்பவே அழுகை வந்துருச்சு, தூண்ல சாஞ்சுக்கிட்டேன்.

"ஏம்மா வாசுகி, கை அழுக்கா இருக்கு, இந்த போட்டோவைக் கொஞ்சம் நம்ம பங்காளிங்க குழுவுல போட்டுவிடேன்." போனை நீட்டுறாரு. கோர்ட்டு வாசல்ல நெஞ்சை நிமித்தி நிக்கிற போட்டோ, நான்தான் எடுத்துத் தொலைச்சேன். "அப்படியே மேல போனா வைகாசிக் கும்பிடுல நான் மைக்குல பேசுற போட்டோ ஒண்ணு கெடக்கும், அதையும் சேர்த்துப் போடு. பொருத்தமா இருக்கும்." குலசாமி கோயில் கும்பிடுக்குன்னு தொடங்கின குழு அது, ஒரே சாமியைக் கும்பிடுற பங்காளி வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேரும் அதுல உண்டு. சரின்னு வாங்கி மேல தள்ளுறேன். தாமரைப்பூ. எச்சரிக்கை எச்சரிக்கை. வெண்டைக்காய். யாரோ செத்ததுக்குக் கண்ணீர் அஞ்சலி. கெடா வெட்டுக்கு வரி. மேல, இன்னும் மேல, வைகாசி எங்கடா இருக்கு, கைது பண்ணின தேதி வருது, ஐயய்யோன்னு ஒரு எண்பது ஆளு கத்தியிருக்கு, அதுக்கும் மேல முந்தினநாள், இவரு எழுதியிருக்காரு, என் மகன் இளவழுதியின் வீர உரை, அனைவரும் கேட்டு மகிழவும். கீழ பச்சையா ஒரு கோடு, முக்கோணம். அமுக்காமலே எனக்குத் தெரியுது, அந்த லாரிப் பேச்சு. அதுக்குக் கீழ கைதட்டு, சிங்கக்குட்டி, பெரியப்பா ரத்தம்ல, அதுக்குக் கீழ முத்திருளன், இவருக்குத் தம்பி முறையான பங்காளி மகன், டவுன் ஸ்டேஷன்ல எஸ்.ஐ. "பெரியப்பா சவுண்டு கம்மியா இருக்கு. எனக்குத் தனியா ஒருக்கா அனுப்புங்க." அதுக்குக் கீழ இவரு, "அனுப்பிவிட்டேன் தம்பி. நன்றாகக் கேட்கவும்."

நன்றாகக் கேட்கவும். மரத்துல காக்கா கத்துது. மாமா டிபன் பாக்ஸைக் கழுவக் குழாயடிக்குப் போறாரு, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை மாதிரி பாத்துப் பாத்துக் கால் வைக்கிறாரு. கைதுக்கு மறுவாரம் முத்திருளன் வீட்டுக்கு வந்தான், பெரியப்பா நான் இருக்கேன் பெரியப்பான்னு இவர் தோள்ல விழுந்து அழுதான், நான் காப்பி கொண்டு வந்து வச்சா தொடவே இல்ல, சாப்பிடச் சொன்னா வயிறு சரியில்லேன்னான், பச்சத்தண்ணிகூட எங்க வீட்டுல குடிக்கல, அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். காட்டிக் கொடுத்த வீட்டுல எப்படிடா கை நனைப்பான். அதான் பேரைச் சொல்ல விட மாட்டேங்கிறான். மேலதிகாரி கால்ல விழுந்திருப்பான். பங்காளியைக் காட்டிக் கொடுத்தவன்னு வெளிய தெரிஞ்சா கோயில்ல அவனுக்குத் துன்னூறு கெடையாது, பந்தியில எலை கெடையாது, அவன் பொண்ணு சடங்குக்கு ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான். அப்ப டெல்லியில யாரும் இல்ல. ஏசி ரூம்பு இல்ல. நான் சேலையோட குளிச்சது யாருக்காக? உப்பு டப்பாகிட்ட அழுதது யார்கிட்ட? அட நாசமாப் போறவனே, நீ இல்லவே இல்லையா. இல்லேன்னும் சொல்ல முடியாது, இந்த ஒருவாட்டி உண்மையைச் சொல்லிட்டாங்கங்கிறதுக்காக எப்பவுமே கேக்கலேன்னு ஆயிருமா, இத்தனை பொய் சொன்னவங்க ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்காங்க, அதையும் நாட்டுல ஒருத்தன் நம்பல, எனக்குச் சிரிக்கணும் போல இருக்கு. இவருக்குத் தோணவே இல்லையா? தோணாது. பங்காளிங்க குழுவுல போடுறது இவருக்கு வெளிய போடுறதே இல்ல, வீட்டுக்குள்ள சோறு போட்டுக்கிட்டே பேசுற மாதிரி. அந்தக் குழுவுல இருக்கிற அத்தனை ஆம்பளைக்கும் அப்படித்தான். வாசுகி, வாயை மூடு. உனக்கு வேண்டியது உன் புருசன். இன்னும் கொஞ்ச நேரம். பேரு சொல்ல மாட்டாங்க, ஜட்ஜம்மா ஆடியோவைத் தூக்கிப் போடுவாங்க, அவன் வருவான், கழுத்துக்கு வேப்பிலை அரைச்சுப் போடலாம். அதுக்கப்புறம் வச்சுக்கலாம் இந்தக் கெழவனை. மாசம் முழுக்க வச்சுக்கலாம். இப்ப போட்டோவை மட்டும் போட்டுவிட்டு போனைக் கொடு.

போட்டோவைப் போட்டேன். கொடுத்தேன். ஈரக்கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு வாங்கிப் பாத்தாரு, உடனே டிங் டிங்குன்னு கைதட்டு வருது, மூஞ்சி மலர்ந்துபோச்சு. "பாத்தியா, முத்திருளன்கூடப் போட்டிருக்கான். டிபார்ட்மெண்டுல இருந்துக்கிட்டு நமக்கு ஆதரவு தர்றான் பாரு, அதான் ரத்தம்." நான் வேப்பம்பழத்தைக் காலால நசுக்குறேன். ஒண்ணு நசுக்கி இன்னொண்ணு. "உறவினராம்ல உறவினர்! நம்ம குடும்பத்துல எவன் அப்படிச் செய்வான்? பொய் சொல்லுறதுக்கும் ஒரு வரைமுறை வேணாம்?" நசுக்குறேன். "ஏம்மா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காத. உந்தங்கச்சிகிட்ட நீ போன்ல எதுவும் உளறல இல்ல? பொம்பளைங்க பேசுறப்ப ஒரு வேகத்துல." அவ்வளவுதான். என் தங்கச்சியை. குளிக்கிறப்பக்கூட சேலையோட நின்ன என்னை. "உங்க மகனைப் பிடிச்சுக் கொடுத்தது நீங்கதான்"னு என் வாய் சொல்லுது. சத்தமாக்கூட இல்ல. "கேட்டு மகிழவும்னு போட்டீங்கள்ல. முத்திருளன் தனியா வேற கேட்டான், அனுப்பிவிட்டேன் தம்பின்னு கொடுத்தீங்க. உங்க மகன் கழுத்து வரைக்கும் அழுகிக்கிட்டுக் கெடக்காரு, நீங்க தலைக்கு மை அடிச்சுக்கிட்டுத் திரியிறீங்க." சொல்லுறப்ப, சத்தியமாச் சொல்லுறேன், தித்திச்சுச்சு. இத்தனை மாசத்துல நாக்குல அப்படி ஒரு ருசி பட்டதில்ல. மாமா சிரிச்ச மூஞ்சி சிரிச்சபடியே இருந்துச்சு, அதை எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியாத மாதிரி. அப்புறம் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, போனைக் கண்ணுகிட்ட கொண்டுபோயி, மேல தள்ள ஆரம்பிச்சாரு. விரல் தப்புத் தப்பா எதையோ தொடுது, தாமரைப்பூ பெருசாகுது, மூடுறாரு, மறுபடி தள்ளுறாரு. நான் தடுக்கல. பாருன்னு விட்டேன். நல்லாப் பாரு.

பாத்துட்டாரு. கண்ணாடியை மறுபடி இறக்கிவிட்டுக்கிட்டாரு. அப்புறம், "அப்ப அந்த வக்கீல் சொன்னது நெசந்தானா"ன்னாரு, பள்ளிக்கூடப் பிள்ளை சந்தேகம் கேக்குற குரல்ல. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். எந்திரிச்சாரு. எங்க போறீங்கன்னேன். "அனுப்புனது நான்தானேம்மா. அப்ப குத்தம் என்னுது. என்னைப் பிடிச்சுக்கட்டும், அவனை விட்டுருவாங்க." ஐயோ. ஐயோ மாமா. ஓடிப்போயிக் கையைப் பிடிச்சேன். "அப்படி இல்ல மாமா, நீங்க சொன்னா அவங்க ஒட்டுக்கேக்கலேன்னு ஆயிரும், ஆடியோ நிக்கும், ஜாமீன் கெடைக்காது, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, அவரைத்தான் விட மாட்டாங்க, கேளுங்க மாமா." அவர் என்னை ரொம்பப் பிரியமாப் பாக்குறாரு. கல்யாணத்தன்னைக்கு அப்படிப் பாத்தது. "நான் உள்ள போயிருவேன்னு பயந்து சொல்லுற. எனக்கு வயசாயிருச்சு தாயி, நான் எங்க இருந்தா என்ன." "இல்ல மாமா, நான் சும்மா சொன்னேன், கோவத்துல இட்டுக்கட்டிச் சொன்னேன், அது நீங்க இல்ல, கவர்மெண்டுதான் கேக்குது, நீங்கதானே டிவியில சொன்னீங்க." "பொய் சொல்லாத"ன்னாரு. என்ன சொன்னாலும் இனிமே நம்ப மாட்டாரு. கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டுப் படி ஏறுறாரு. டவாலி பேரைக் கூப்பிடுறான்.

உள்ள ஃபேன் சுத்துது. ஷாஜகான் சார் எங்களைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டுறாரு. நான் வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுறேன், அவரு பயப்படாதீங்கங்கிற மாதிரி கையைக் காட்டுறாரு. ஜட்ஜம்மா பேரைச் சொல்லுறீங்களான்னு கேட்டாங்க. அரசு வக்கீல் எந்திரிச்சு, மன்னிக்கணும் மைலேடி, அனுமதி இல்லேன்னாரு. முடிஞ்சது. அவ்வளவுதான், முடிஞ்சே போச்சு, ஜட்ஜம்மா பேனாவை எடுத்துட்டாங்க. அப்ப பின்னாலேருந்து மாமா, "அம்மா, நான் ஒரு வார்த்தை சொல்லணும்"ங்கிறாரு. யாருன்னு நிமிந்து பாக்குறாங்க. ஷாஜகான் சார் தானா எந்திரிச்சு, மடப்பய, பெத்தவன் கண்ணீர் கேஸுக்கு நல்லதுன்னு நினைச்சு, "பையனோட தகப்பனார் மைலேடி, ஹெட்மாஸ்டரா இருந்தவர், ஒரு நிமிஷம் அனுமதிக்கணும்"னு கேட்டுக் கொடுக்குறாரு. நான் கத்தணும். என்னன்னு கத்துறது, நான் கத்தினாலே விஷயம் வெளிய வந்துருமே. மாமா முன்னாடி போயி கையைக் கட்டி நிக்கிறாரு. "அரசு வக்கீல் ஐயா சொன்னது சத்தியம்மா. யாரும் ஒட்டுக்கேக்கல"ங்கிறாரு. பத்திரிகைக்காரங்க குத்திக் காட்டுறாருன்னு நினைச்சு சிரிக்கிறாங்க. அரசு வக்கீல் மட்டும் சிரிக்கல. பேப்பரைக் கீழ வச்சுட்டு, தன்னோட நாற்காலியைத் தானே இழுத்துக்கிட்டு வந்து மாமாவுக்குப் பின்னாடி போட்டு, "உக்காருங்க ஐயா. அவசரமே இல்ல, நிதானமாச் சொல்லுங்க"ங்கிறாரு. மாமா அவருக்கு நன்றி சொல்லிட்டு உக்காந்தாரு.